விரலில் தட்டுப்படும் சிவப்பு

இஸ்தான்புல்லின் எமினோனு கடைத்தெருவில், மசாலாக் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் இடையே ஒரு குறுகலான படிக்கட்டு மேலே போகிறது. ஏறினால் ருஸ்தம் பாஷா பள்ளிவாசல். கீழே கடைகள், அவற்றுக்கு மேலே தொழுகைக் கூடம் என்று ஒட்டோமான் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் 1560களின் தொடக்கத்தில் கட்டியது. சுவர், தூண், தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம் என்று கை எட்டும் இடம், எட்டாத இடம் எல்லாவற்றிலும் பூ வரைந்த ஓடுகள். நான் போனது மாலை நேரம். சன்னல் வழியே வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நீலமும் பச்சையும் கண்ணாடி போன்ற மெருகுக்கு அடியில் தட்டையாகக் கிடந்தன. சிவப்பு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு சிவப்பு இதழின் ஓரத்திலும் நூல் போல ஒரு நிழல்.

பன்னிரண்டு வருடமாகச் சக்கரத்தில் பானை, கிண்ணம், தட்டு என்று செய்துவருகிறேன். ஒரு வண்ணத்துக்கு நிழல் விழுந்து நான் பார்த்ததில்லை. தொடக் கூடாத இடம், தொடவில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்பதைக் கையால் செய்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. மறு வருடம் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு இஸ்னிக் போனேன். அங்கே ஒரு தட்டு செய்த பதிவு இது. சரியாகச் சொன்னால் மூன்று தட்டு. ஒன்று உடைந்தது, ஒன்று கெட்டது, ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.

இஸ்தான்புல்லிலிருந்து யலோவாவுக்குக் கப்பல், அங்கிருந்து சிற்றுந்து. வழி முழுக்க ஒலிவ மரங்கள், அப்புறம் திடீரென்று ஒரு பெரிய ஏரி, அதன் கிழக்குக் கரையில் பழைய ரோமானிய மதிலுக்குள் ஊர். இதுதான் நிக்கேயா. 325ல் கிறிஸ்தவ ஆயர்களின் முதல் பொதுச்சங்கம் கூடிய இடம். ஒட்டோமான் காலத்தில் இஸ்னிக் என்று ஆனது. 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், உலகத்திலேயே அழகான மட்பாண்டங்களில் சில இந்தச் சின்ன ஊரில் சுடப்பட்டன.

நான் சேர்ந்த பட்டறையை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை 'ஹோஜம்' என்று கூப்பிடுகிறார்கள். நாம் டீச்சர் என்று சொல்வதுபோல, ஆனால் 'என் ஆசிரியரே' என்கிற உரிமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் தேநீர் கொடுத்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ருஸ்தம் பாஷாவில் பார்த்த சிவப்பு என்றேன். எழுந்துபோய் ஒரு பழைய தட்டின் படத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். 1570களின் பாணி. கீழே ஒரு புல் கொத்திலிருந்து துலிப், கார்னேஷன், பதுமராக (ஹையசிந்த்) பூக்கள் எழும்புகின்றன. நடுவில் ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்ட ஒரு நீண்ட இலை வளைந்து விழுகிறது. விளிம்பைச் சுற்றிக் கறுப்புச் சுருள்கள். “இதைச் செய், எல்லாமே இதில் இருக்கிறது” என்றார். எல்லாமே என்றால் என்ன என்பது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

முதலில் மண். மண் என்று சொல்வதே தவறு. இஸ்னிக் பாண்டத்தின் உடலில் களிமண் மிகக் குறைவு. பெரும்பகுதி வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லின் பொடி. அதோடு ஃப்ரிட் எனப்படும் கண்ணாடிப் பொடி கொஞ்சம், வெள்ளைக் களிமண் கொஞ்சம். இந்தக் கலவை இஸ்னிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஈரானின் கஷான் நகரைச் சேர்ந்த அபுல் காசிம் 1301ல் எழுதிவைத்த குறிப்பிலேயே இருக்கிறது: கல் பொடி 10 பங்கு, கண்ணாடிப் பொடி 1 பங்கு, களிமண் 1 பங்கு. இஸ்னிக்காரர்கள் அந்தக் கண்ணாடிப் பொடியில் ஈயத்தையும் சேர்த்தார்கள். அதனால் உடல் இன்னும் இறுகி, இன்னும் வெளுத்தது.

எதற்கு இந்தப் பாடு? சீனப் பீங்கானுக்காக. அந்த வெள்ளைக்கு மேற்கு ஆசியா முழுவதும் ஏங்கிக் கிடந்தது. பீங்கானுக்கு வேண்டிய கயோலின் மண்ணும் 1300 டிகிரி சூளையும் இங்கே கிடையாது. இஸ்னிக்கில் அதற்கு முன் செந்நிறக் களிமண்ணில் பானை செய்து, மேலே வெள்ளைக் குழம்பு பூசி, நீலத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள். மெண்டரெஸ் ஆற்றங்கரையின் பழைய மிலேட்டஸ் நகரில் முதலில் கிடைத்ததால் அதற்கு 'மிலேட்டஸ் பாண்டம்' என்று பெயர் வந்துவிட்டது. 1960களில் இஸ்னிக்கில் தோண்டிய பிறகுதான் அது இந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்தது. அந்தச் செம்மண்ணை விட்டு முழு வெள்ளை உடலுக்கு மாறியது 15ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், இரண்டாம் மெஹ்மத் சுல்தானின் அரண்மனை நல்ல பாண்டம் கேட்கத் தொடங்கிய காலத்தில்.

இந்தக் கலவையைப் பிசைந்தபோது எனக்குக் கொழுக்கட்டை மாவு நினைவுக்கு வந்தது, அதுவும் வெந்நீர் சரியாக ஊற்றாத மாவு. உருட்டினால் உருள்கிறது, வளைத்தால் வெடிக்கிறது. களிமண்ணுக்கு உள்ள இழுவை இதற்குத் துளியும் கிடையாது. பழக்கத்தில் ஒரு உருண்டையைச் சக்கரத்தில் வைத்து நடுவில் கட்டைவிரலை இறக்கினேன். இரண்டு சுற்றில் சுவர் கிழிந்து உட்கார்ந்தது. ஹோஜம் ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்டர் அச்சை எடுத்து வந்தார். கலவையைத் துணிமேல் ஒரே கனமாக உருட்டி, துணியோடு தூக்கி அச்சுமேல் கவிழ்த்து, ஈரப் பஞ்சால் அழுத்தி அழுத்தி உட்கார வைக்க வேண்டும். சப்பாத்தியைத் தூக்கிப் போடுவதுபோல் தூக்கினால் நடுவில் கீறும். 30 சென்டிமீட்டர் தட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

கல் பொடியோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போனால் திரும்பி வராது. பொடி எடைபோடும்போது நல்ல முகமூடி, தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது, இரண்டையும் அந்தப் பட்டறையில் யாரும் ஒரு நாளும் விடவில்லை. ஈயம் சேர்ந்த ஃப்ரிட்டுக்குக் கையுறையும் உண்டு. ஈய மெருகு போட்ட தட்டில் சாப்பாடு பரிமாறக் கூடாது, சுவரில் மாட்டுவதோடு சரி.

முதல் தட்டு மூன்றாம் நாள் உடைந்தது. விளிம்பு சற்று உயர வேண்டும் என்று அச்சிலிருந்து எடுத்த பிறகு கையால் தூக்கிவிட்டேன். களிமண்ணாக இருந்தால் ஏற்றுக்கொண்டிருக்கும். மறுநாள் காலை விளிம்பிலிருந்து நடுவரை ஒரு கோடு. ஈரம் வைத்து ஒட்டப் பார்த்தேன், ஒட்டவில்லை. களிமண் குறைவான உடலுக்கு ஒட்டுகிற குணமும் குறைவு. உடைத்து, ஊறவைத்து, மறுபடி கலவைத் தொட்டியில் போட்டேன்.

அடுத்து இரண்டு தட்டாகச் செய்தேன், ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று. அவை காய்ந்த பிறகு மேலே 'அஸ்தார்' ஊற்றினோம். அதே கல் பொடிக் கலவைதான், ஆனால் இன்னும் நைசாக அரைத்து, இரும்புக் கறை இல்லாமல் சலித்த வெள்ளைக் குழம்பு. உடல் லேசாகச் சாம்பல் கலந்த வெள்ளை, இந்தக் குழம்பு பால் வெள்ளை. கோலப் பலகை போல ஒரு தளம் கிடைத்துவிடுகிறது. பிறகு மின்சூளையில் 920 டிகிரியில் முதல் சூடு. ஒரு பகல் சுட்டு, ஒரு இரவு ஆறவைத்தோம்.

சூளை ஆறிய அந்த நாளில் ஊர் சுற்றப் போனேன். இரண்டாம் முராத் குளியல் கூடத்துக்குப் பக்கத்தில் பழைய சூளைகளைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். தரையில் செங்கல் வளைவுகள், கரி படிந்த சுவர்கள். அங்கே கிடைத்தவை பெரும்பாலும் கெட்டுப்போன பாண்டங்கள்: ஒட்டிக்கொண்ட தட்டுகள், வழிந்த நீலம், தட்டுகளைப் பிரித்து அடுக்க வைத்த முக்காலிகள். என் மேசையில் இருக்கும் முக்காலியும் அதே வடிவம். இன்றும் தட்டின் மேல் தட்டு வைக்க மூன்று முனை உள்ள அந்தச் சின்ன மண் துண்டைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஐந்து நாள் காகித வேலை. இதைத்தான் நான் மிகச் சாதாரணமாக நினைத்திருந்தேன்.

முறை இப்படி. மெல்லிய காகிதத்தில் தட்டின் அளவுக்கே வரைய வேண்டும். பிறகு ஊசியால் ஒவ்வொரு கோட்டின் மேலும் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். குத்திய காகிதத்தைத் தட்டுமேல் வைத்து, கரித்தூள் கட்டிய சின்னத் துணிப் பொட்டலத்தால் தட்டினால் துளை வழியே தூள் இறங்கி, புள்ளிப் புள்ளியாகப் படம் விழும். ஆரி வேலை செய்கிறவர்கள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். பட்டுப் புடவைக்கும் ரவிக்கைக்கும் டிரேசிங் காகிதத்தில் ஊசியால் குத்தி, பொடி தேய்த்து இறக்குவது இதே முறைதான்.

ஒட்டோமான் பாண்டத்தின் கலை முழுவதும் இந்தத் துளைக் காகிதத்தில்தான் பயணம் செய்திருக்கிறது. இஸ்தான்புல் அரண்மனையில் 'நக்காஷ்ஹானே' என்று ஒரு வரைகலைக் கூடம் இருந்தது. கையெழுத்துப் பிரதிகளுக்கு, கம்பளத்துக்கு, பட்டுக்கு, ஓட்டுக்கு எல்லாவற்றுக்கும் அங்கே வடிவம் வரைந்தார்கள். பள்ளிவாசல் சுவருக்கு ஓடு வேண்டும் என்றால் வரைபடம் காகிதத்தில் இஸ்னிக்குக்கு வரும். அதனால் ஒரே துலிப் சுல்தானின் மேலங்கியிலும் இருக்கும், குவளையிலும் இருக்கும், கல்லறை ஓட்டிலும் இருக்கும். தட்டுகளில் குயவர்களுக்குக் கை கொஞ்சம் சுதந்திரமாக ஓடியது. அவர்கள் மனதில் இருந்த படங்களைத் தாங்களே மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

என் தட்டின் நடுவில் இருந்த அந்த நீண்ட பல் இலைக்கு 'சாஸ்' இலை என்று பெயர். ஈரானின் தப்ரீஸிலிருந்து வந்த ஷாகுலு என்கிற ஓவியர் அரண்மனைக் கூடத்தின் தலைவராக இருந்தபோது வளர்த்த பாணி. 1514ல் ஒட்டோமான்கள் பாரசீகரை வென்ற சால்திரான் போருக்குப் பிறகு தப்ரீஸ் நகரிலிருந்து கைவினைஞர்கள் பலர் ஒட்டோமான் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பாரசீக ஓவியத்தின் மெல்லிய வளைகோடு அவர்களோடு வந்தது. ஷாகுலு 1556ல் இறந்தார். அவருடைய மாணவர் காரா மெமி. இலையைப் பெரிதாக்கி மிரட்டும் ஆசிரியரின் கற்பனைக் காட்டை விட்டு, அவர் தோட்டத்துக்குள் போனார். துலிப், கார்னேஷன், ரோஜா, பதுமராகம். பார்த்தவுடன் இன்ன பூ என்று சொல்லிவிடலாம். 1566ல் சுல்தான் சுலைமான் 'முஹிப்பி' என்ற புனைபெயரில் எழுதிய கவிதைகளின் பிரதிக்கு அவர் போட்ட ஓரப் பூக்கள்தான் இந்தத் தட்டில் இருக்கும் பூக்களுக்கு மூத்த சகோதரிகள்.

சாஸ் இலையை வரைவது கடினம் இல்லை, வளைப்பதுதான் கடினம். இலை தன் மேலேயே மடிந்து, காம்பைத் தாண்டி, ஒரு பூவை நடுவில் துளைத்துவிட்டு வெளியே வர வேண்டும். நான் வரைந்தது வாழையிலை போலத் தொங்கியது. ஹோஜம் என் கையின் மேல் தன் கையை வைத்து ஒரே இழுப்பில் நுனிவரை கொண்டுபோனார். “நுனியை முதலில் முடிவுசெய், ஜானிம். அப்புறம் கை தானாக அங்கே போகும்” என்றார். 'ஜானிம்' என்றால் நம் 'கண்ணே' மாதிரி. அடுத்த நாற்பது இலையையும் அப்படியே வரைந்தேன், நுனியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு.

விளிம்புக்கு வந்தோம். இங்கேதான் எனக்குப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது.

அந்தக் கறுப்புச் சுருள்களுக்கு 'அலையும் பாறையும்' என்று பெயர். சீனத் தட்டுகளின் விளிம்பில் கடல் அலைகள் பாறையில் மோதி நுரைத்து எழும். யுவான் காலத்து, ஆரம்ப மிங் காலத்து நீல வெள்ளைப் பீங்கான்களில் இதைப் பார்க்கலாம். இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில் 10,000க்கும் மேற்பட்ட சீனப் பாண்டங்கள் இருக்கின்றன. பழைய சமையற்கட்டில்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே யோங்லே பேரரசர் காலத்து (1403–1424) திராட்சைத் தட்டு ஒன்றின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். மூன்று திராட்சைக் குலை, சுருள் கொடி, விளிம்பில் அலை. அதைப் பார்த்து இஸ்னிக்கில் 16ஆம் நூற்றாண்டு முழுவதும் வரைந்தார்கள். குலை அப்படியே இருக்கிறது. விளிம்பில் அலை மட்டும் தட்டுக்குத் தட்டு மாறிக்கொண்டே வந்து, கடைசியில் அலையும் இல்லை, பாறையும் இல்லை, நத்தை ஓடு போன்ற சுருள்களின் கூட்டமாக நிற்கிறது. கடலைப் பார்க்காதவர்கள் புரியாமல் வரைந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சீனத் தட்டின் விளிம்பைப் பார்த்து என் காகிதத்தில் வரையத் தொடங்கினேன். வட்டத்துக்குப் பதினான்கு கூறு வேண்டும். முதல் கூறில் பாறை, நுரை, அலையின் கொக்கி எல்லாம் கச்சிதம். மூன்றாவதில் பாறையின் மடிப்பு இரண்டு குறைந்தது. ஆறாவது வரும்போது தூரிகை நுனி அலையின் கொக்கியை விட்டு எழ மறுத்தது. ஒரு சுற்று சுற்றி, இன்னொரு சுற்று சுற்றி, அங்கேயே முடிந்தது. ஒன்பதாவது கூறில் நான் வரைந்தது சுத்தமான இஸ்னிக் சுருள். படத்தைப் பார்க்கவே இல்லை. வளைந்த விளிம்பில், தட்டைத் திருப்பிக்கொண்டே, நீள மயிர்த் தூரிகையால், ஒரே வேகத்தில் பதினான்கு முறை வரைகிற கை அங்கேதான் போய்ச் சேரும். புரியாமல் வந்த மாற்றமே இல்லை அது. நூற்றுக்கணக்கான கைகள் ஆயிரக்கணக்கான விளிம்புகளைச் சுற்றி ஓடியதில் சீனக் கடல் தேய்ந்து இஸ்னிக் சுருள் ஆகியிருக்கிறது. காகிதத்தை ஹோஜத்திடம் காட்டினேன். ஒன்றிலிருந்து பதினான்கு வரை விரலால் தொட்டுக்கொண்டே போய், ஒன்பதில் நிறுத்தி, “இங்கே நீ இஸ்னிக்குக்கு வந்துவிட்டாய்” என்றார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

வரையத் தொடங்கினேன். முதலில் வெளிக்கோடு, 'தஹ்ரீர்' என்பார்கள். கழுதைப் பிடரி மயிரில் கட்டிய தூரிகை. நடுவில் ஒரு சில மயிர் மட்டும் நீண்டு நிற்கும். ஒருமுறை சுட்ட தட்டு உலர்ந்த பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். தூரிகை நின்றால் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. கோட்டை வெளியே தள்ளி வரையக் கூடாது, தன்னை நோக்கி இழுக்க வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். இரண்டு மணி நேரத்தில் தோள் கல்லாகிவிட்டது. கறுப்பு வண்ணத்தில் குரோமைட் கல் இருக்கிறது, கனமானது, கிண்ணத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை கலக்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு நிறங்கள். இஸ்னிக்கில் நிறங்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. ஆரம்பத்தில் கோபால்ட் நீலம் மட்டும். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சின்னக் கூஜா இருக்கிறது. அடியில் ஆர்மீனிய மொழியில், கூத்தாஹ்யாவைச் (துருக்கியின் இன்னொரு மட்பாண்ட ஊர்) சேர்ந்த ஆபிரகாமின் நினைவாக என்று எழுதி 1510ஆம் ஆண்டைக் குறித்திருக்கிறார்கள். அந்த வகை முழுவதும் நீலமும் வெள்ளையும்தான். அதன் பிறகு பச்சை கலந்த நீலமான டர்க்காய்ஸ் சேர்ந்தது. 1540களில் சாம்பல் பச்சை, கத்தரிப்பூ ஊதா, வெளிறிய நீலம் என்று ஒரு மென்மையான காலம். ஜெருசலேமின் பாறைக் குவிமாடம் என்னும் இஸ்லாமியத் தலத்திலிருந்து வந்த ஒரு பள்ளிவாசல் விளக்கில் முஸ்லி என்ற கலைஞர் தன் பெயரை எழுதி 1549க்குச் சமமான ஹிஜ்ரி 956ஐக் குறித்திருக்கிறார். எனக்கு இந்தக் காலம்தான் எல்லாவற்றையும் விடப் பிடிக்கும். சிவப்பைத் தேடி வந்த நான் இதைச் சொல்வது விசித்திரம், ஆனாலும் அந்த ஊதாவின் அமைதி பிறகு வரவில்லை. சிவப்பு 1550களில், இஸ்தான்புல்லில் சுலைமானியே பள்ளிவாசல் எழும்பிய நாட்களில் வந்தது. அது வந்ததும் ஊதாவும் சாம்பல் பச்சையும் மெல்ல மறைந்தன. கொஞ்ச காலத்தில் சிவப்புக்கு எதிரே நிற்கச் செம்பிலிருந்து ஒரு மரகதப் பச்சை வந்தது.

நீலத்தைத் துளியாக வைத்து, அந்தத் துளியைத் தூரிகை நுனியால் கோடு வரை தள்ளிக்கொண்டு போகிறார்கள். பூசுவது கிடையாது. டர்க்காய்ஸும் அப்படியே. கறுப்புக் கோட்டைத் தொடாமல் ஒரு மயிரிழை இடம் விட வேண்டும், மெருகு உருகும்போது அந்த இடைவெளி நிரம்பும்.

சிவப்பு வேறு சமாசாரம். அது வண்ணமே இல்லை, மண். ஆர்மீனியச் செம்மண் என்று பெயர் பெற்ற இரும்பு மிகுந்த களிமண்ணைக் குவார்ட்ஸ் பொடியோடு அரைத்து எடுப்பது. மற்ற நிறங்கள் மெருகில் கரைந்து கண்ணாடியின் நிறமாகிவிடுகின்றன. சிவப்பு கரையாமல், கண்ணாடிக்கு அடியில் மண்ணாகவே படுத்திருக்கிறது. அதனால்தான் புடைப்பு, அதனால்தான் நிழல். ருஸ்தம் பாஷாவில் பார்த்தது இதைத்தான்.

இதை எனக்கு விளக்கிச் சொன்னார்கள், தலையும் ஆட்டினேன். ஆனால் கை பழைய பழக்கத்தில் இருந்தது. சிவப்பையும் மற்ற வண்ணம் போலத் தண்ணீர் விட்டு இளக்கி, அழகாக, மெல்லிசாகப் போட்டேன். பூவின் இதழ் தட்டையாக, நேர்த்தியாக இருந்தது. ஹோஜம் அன்று பக்கத்து நகரமான புர்சாவுக்குப் போயிருந்தார்.

மெருகு முக்குவது ஒரு நொடி வேலை. பெரிய தொட்டியில் பால் போன்ற குழம்பு. அரைத்த கண்ணாடி, அதில் ஈயம், சோடா, கொஞ்சம் தகரம். தட்டை இரண்டு விரலால் பிடித்து உள்ளே விட்டு, திருப்பி, எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் ஐந்து நாள் வரைந்தது எல்லாம் வெள்ளைப் பொடிக்கு அடியில் காணாமல் போகிறது. துலிப் இல்லை, சாஸ் இலை இல்லை, பதினான்கு சுருள் இல்லை. தெரிந்தே செய்தாலும் அந்த நிமிடம் வயிற்றைப் பிசைந்தது.

இரண்டாம் சூடு 900 டிகிரி. சூளையை மறுநாள் மாலை திறந்தபோது உள்ளே இன்னும் கை வைக்க முடியாத வெப்பம். தட்டு பளபளவென்று வந்திருந்தது. ஆனால் துலிப் இதழ்கள் வெல்லப் பாகு நிறத்தில் இருந்தன. சில இடத்தில் மஞ்சளாகக் கசிந்திருந்தன. மெல்லிசாகப் போட்ட சிவப்பை மெருகு தின்றுவிட்டது. இரும்பு கண்ணாடியில் கரைந்தால் பழுப்புதான், சிவப்பு அல்ல. நீலம் இன்னொரு கோளாறு. ஒரு பதுமராகத்தில் துளி அதிகமாகி, அடர்த்தியாக விழுந்து, கோட்டைத் தாண்டி கீழே வழிந்திருந்தது. அடுப்பில் பொங்கிய பால் மாதிரி.

17ஆம் நூற்றாண்டு இஸ்னிக் தட்டுகளை அருங்காட்சியகங்களில் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பழுப்பு தெரிந்ததுதான். 1609ல் தொடங்கி 1616ல் முடிந்த, இஸ்தான்புல்லின் சுல்தான் அகமது பள்ளிவாசலில் 20,000க்கும் மேற்பட்ட ஓடுகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு பெரிய கட்டிடங்கள் குறைந்தன. அரண்மனை கொடுத்த விலை விலைவாசியோடு ஏறவில்லை. பட்டறைகள் மூடின. எவ்லியா செலபி என்ற பயணி அந்த நூற்றாண்டின் நடுவில் வந்தபோது, முன்பு 300க்கு மேல் இருந்த பட்டறைகளில் 9தான் மிச்சம் என்று எழுதிவைத்தார். சிவப்பு பழுப்பானது, வெள்ளை அழுக்கானது, நீலம் ஓடியது. என் தட்டில் ஒரே மாலையில் நடந்தது அவர்களுக்கு ஐம்பது வருடத்தில் மெல்ல மெல்ல நடந்திருக்கிறது. நல்ல பொடி வாங்கக் காசில்லை, ஒருமுறைக்கு இருமுறை அரைக்க ஆளில்லை. அந்தத் தட்டுகளை நான் முன்பு சற்று அலட்சியமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். இனி முடியாது.

கூத்தாஹ்யாவில் வேலை நிற்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஆர்மீனியக் குயவர்கள் தொடர்ந்து செய்தார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் ஓஹனேசியன், பாறைக் குவிமாடத்தின் ஓடுகளைப் பழுதுபார்க்க 1919ல் ஜெருசலேம் போய், அங்கேயே பட்டறை வைத்தார். இன்று ஜெருசலேம் தெருக்களில் விற்கும் பூத்தட்டுகளின் வேர் அது. இஸ்னிக்கில் மீண்டும் குவார்ட்ஸ் ஓடு சுடும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் வேகம் எடுத்தன. 2016ல் இந்தச் சீனி வேலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆமாம், ஓட்டுக்கும் பாண்டத்துக்கும் துருக்கியில் பெயர் 'சீனி' (அதாவது சீனத்தைச் சேர்ந்தது). அந்தப் பெயரைக் கேட்ட முதல் நாள் நம் பீங்கான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் தட்டு. மிச்சம் ஐந்து நாள். அதே துளைக் காகிதம், அதே கரித்தூள். வெளிக்கோடு இந்த முறை ஒரே நாளில் முடிந்தது, பொட்டு இரண்டே இரண்டு. நீலத் துளியைச் சின்னதாக வைத்தேன். சிவப்பை ஹோஜம் எதிரில் உட்கார்ந்து பார்த்தார். பொடியைக் கண்ணாடிப் பலகைமேல் மறுபடி அரைக்கச் சொன்னார். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் அரைத்தேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக. கடைசியில் கிடைத்தது மருதாணி விழுதின் பதம். தூரிகையில் எடுத்தால் நுனியில் உட்கார்ந்திருந்தது, சொட்டவில்லை. அதை இதழின் நடுவில் இறக்கி, ஓரங்களுக்கு மெல்ல ஒதுக்கினேன். முதல் பூச்சு உலர்ந்ததும் இன்னொன்று. பார்க்க நன்றாகவே இல்லை. மண் அப்பியதுபோல் இருந்தது. “நன்றாக இல்லை என்றால் சரியாக இருக்கிறது” என்றார் ஹோஜம். துலிப்புக்கு மூன்று, கார்னேஷனுக்கு ஐந்து, சாஸ் இலையின் நடு நரம்பில் ஒரு வரிசைப் புள்ளி. மொத்தம் நான்கு மணி நேரம்.

மெருகுக் குழம்பை இந்த முறை கொஞ்சம் இளக்கினோம். போன தடவை நீலம் ஓடியதில் மெருகின் கனத்துக்கும் பங்கு உண்டு என்று அவர் சொன்னார். முக்கி எடுத்து, அடிப்பாகத்தின் வளையத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, முக்காலியில் உட்கார வைத்துச் சூளைக் கதவை மூடினோம்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை திறந்தோம். கடைசி 80 டிகிரி இறங்கும்வரை பொறுக்கச் சொல்லி, ஹோஜம் என்னை ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது தட்டு மேசைமேல் இருந்தது. வெள்ளைக்கு மேல் நீலம் நின்ற இடத்தில் நின்றிருந்தது. ஒன்பதாவது சுருளிலிருந்து விளிம்பு சிரமம் இல்லாமல் ஓடியிருந்தது. முதல் நான்கு சுருளில் இன்னும் கொஞ்சம் கடல் பாக்கி. அதை வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். ஒரு கார்னேஷனுக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை, மெருகு ஒட்டாத இடம். துலிப் இதழ்கள் தக்காளிச் சிவப்பு.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். இதழின் ஓரத்தில் நூல் போல நிழல். கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலை விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தினேன். வழவழ, வழவழ, பிறகு ஒரு மேடு. அங்கே விரலை நிறுத்திக் கண்ணைத் திறந்தால், நடுத் துலிப்பின் இடது இதழ்.

இரண்டு சட்டைக்கும் ஒரு போர்வைக்கும் நடுவில் சுற்றிப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தேன். பழுப்புத் தட்டையும் விட்டுவிடவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இப்போது மேசைமேல் புதுக் காகிதம் விரித்திருக்கிறேன். யோங்லே தட்டின் மூன்று திராட்சைக் குலையை வரைந்து முடித்து, ஊசியால் குத்த ஆரம்பித்திருக்கிறேன். முதல் குலையில் 212 துளை ஆகியிருக்கிறது.